பைபாஸில் போன கப்பல்

திண்டுக்கல்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேட்கலாம். சிறுமலை மேலே ஏறி நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் எங்களுக்குக் கடல் தெரியாது. பூட்டு, தோல், புகையிலை, நூல் மில், பிரியாணி என்று எல்லாமே தரைச் சரக்குதான். ஆனாலும் இந்த முறை கப்பலைப் பற்றி எழுதப் போகிறேன். சரக்குக் கப்பல் இல்லை, உல்லாசக் கப்பல். இன்னும் குறிப்பாகச் சொன்னால், "இந்த ஊரில் நிற்கும்" என்று டிக்கெட் போட்டுவிட்டு நிற்காமல் போகிற உல்லாசக் கப்பல். அந்தக் கம்பெனியின் மேலதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று ரொம்ப நாளாக ஒரு யோசனை. பி.காம் படிக்கிறவனுக்கு இது காஸ்டிங் பாதி, மெர்க்கன்டைல் லா பாதி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

நம்ம பக்கத்து உதாரணத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன். 2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து கார்டிலியா எம்ப்ரஸ் என்ற கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 1990-ல் பிரான்ஸில் கட்டிய கப்பல். ராயல் கரீபியன் கம்பெனியில் பல வருஷம் ஓடிவிட்டு, கொரோனா காலத்தில் கைமாறி, பெயர் மாறி இந்தியாவுக்கு வந்தது. 796 அறைகள், 11 தளங்கள். திட்டம் என்னவென்றால் ஒன்று, இரண்டு நாள் நடுக்கடலுக்குப் போய்விட்டுத் திரும்புவது. இன்னொன்று, ஐந்து நாளில் விசாகப்பட்டினம், புதுச்சேரி பார்த்துவிட்டு சென்னை திரும்புவது. விசாகப்பட்டினத்தில் பிரச்சினை இல்லை. ஜூன் 10-ம் தேதி புதுச்சேரிக்கு வந்தால், உள்ளே வர அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கப்பலில் சூதாட்ட விடுதி இருக்கிறது, கலாசாரம் கெடும் என்று அங்கே கட்சிகள் ஏற்கெனவே எதிர்ப்புக் கிளப்பியிருந்தன. அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜனும் சூதாட்டத்துக்கெல்லாம் இடமில்லை என்ற பக்கமே நின்றார். கப்பல் கரையில் இருந்து தள்ளிக் கடலிலேயே நின்றுவிட்டுக் கிளம்பிவிட்டது. ஊர் கண்ணுக்குத் தெரிகிறது, இறங்க முடியவில்லை. பிறகு 2025 ஜூலையில் அதே கப்பல் அதே புதுச்சேரிக்கு வந்தது. பயணிகள் சின்னப் படகுகளில் கரைக்கு வந்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போதும் எதிர்ப்பு இருந்தது, ஆனால் அனுமதி இருந்தது. நடுவில் மூன்று வருஷம்!

இது ஏதோ நம்ம ஊர் அரசியலால் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரியில் இதே கப்பல் மும்பையில் இருந்து கோவா போனபோது சுமார் 2000 பேரைப் பரிசோதித்ததில் 66 பேருக்குக் கொரோனா. திரும்ப மும்பைக்கே வந்தது. அதைவிடப் பெரிய கதை வெஸ்டர்டாம். 2020 பிப்ரவரி 1-ம் தேதி ஹாங்காங்கில் கிளம்பிய கப்பல். கொரோனா பயத்தில் பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து என்று ஒவ்வொரு இடமாகக் கதவைச் சாத்தின. கடைசியில் பிப்ரவரி 13-ம் தேதி கம்போடியாவின் சிஹானூக்வில் துறைமுகம்தான் இடம் கொடுத்தது. 2000 பேருக்கு மேல் இருக்கிற கப்பலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாட்டுக்கும் போன் போட்டுக் கெஞ்சுகிற வேலை எப்படி இருந்திருக்கும்? அந்த நாற்காலி சுகமான நாற்காலி இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். 2023 கடைசியில் இருந்து செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு, சூயஸ் வழியாகப் போக வேண்டிய பல உல்லாசக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அதற்கெல்லாம் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

சரி, நாற்காலிக்கு வருவோம்.

உல்லாசக் கப்பலின் செலவில் பெரும்பகுதி நிலையான செலவு. கப்பல் வாங்கின கடனுக்கு வட்டி, தேய்மானம், இன்ஷூரன்ஸ், நூற்றுக்கணக்கான ஊழியர்களின் சம்பளம், எல்லாம் 200 பேர் ஏறினாலும் 1800 பேர் ஏறினாலும் ஒன்றுதான். அதனால் முதல் வேலை அறைகளை நிரப்புவது. டிக்கெட் விலையைக் குறைத்தாவது நிரப்பு. உள்ளே வந்தபிறகு பார், ஸ்பா, கடை, சூதாட்டம், போட்டோ, ஸ்பெஷல் சாப்பாடு என்று செலவழிக்க வை. மார்ஜினல் காஸ்டிங் வகுப்பில் 'கான்ட்ரிபியூஷன்' என்று ஒரு வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். இங்கே அந்த கான்ட்ரிபியூஷன் கப்பலுக்குள் இருந்துதான் கொட்டுகிறது.

இப்போது துறைமுகத்தை இந்தக் கணக்கில் வையுங்கள். கப்பல் ஒரு ஊரில் நின்றால் துறைமுகக் கட்டணம், பைலட் கட்டணம், இழுவைப் படகுக் கட்டணம் எல்லாம் கட்ட வேண்டும். கப்பல் கரையில் கட்டிக் கிடக்கும்போது பெரும்பாலான நாடுகளில் சூதாட்ட விடுதியையும் வரியில்லாக் கடையையும் மூடி வைக்க வேண்டும். பயணிகள் இறங்கிப் போய் வேறு யாரோ கடையில் சாப்பிடுவார்கள். கம்பெனிக்கு அங்கே கிடைப்பது, தானே ஏற்பாடு செய்து விற்கிற சுற்றுலாப் பஸ்ஸில் வருகிற பங்கு. ஒரு ஊரை விட்டுவிட்டால் அந்தப் பங்கு போகும், ஆனால் துறைமுகச் செலவு மிச்சம், கப்பலுக்குள் விற்பனை கூடும். எரிபொருளும் மிச்சம். கப்பலின் வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு என்பது கப்பல்காரர்களின் பழைய கணக்கு. ஒரு ஊரைக் கழித்துவிட்டால் அடுத்த ஊருக்கு மெதுவாகப் போகலாம். மெதுவாகப் போனால் எண்ணெய்ச் செலவு சர்ரென்று இறங்கும்.

இதை வைத்துக்கொண்டு "வேண்டுமென்றேதான் நிறுத்தாமல் போகிறார்கள்" என்று நான் சொல்லவில்லை. துறைமுகங்களின் பெயர்தான் டிக்கெட்டை விற்கிறது. அடிக்கடி ஏமாற்றினால் அடுத்த தடவை யாரும் வரமாட்டார்கள். நான் சொல்வது வேறு. நிறுத்தலாமா வேண்டாமா என்று இழுபறியாக இருக்கிற நாளில், கணக்குப் புத்தகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பயணியின் பக்கம் சாயவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் மேலதிகாரிக்கே அதிகாரம் கிடையாது. சோலாஸ் என்கிற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். உயிருக்கும் கடலுக்கும் பாதுகாப்பு என்று கேப்டன் ஒரு முடிவு எடுத்தால், கப்பல் முதலாளியோ, வாடகைக்கு எடுத்தவரோ, வேறு யாருமோ அதைத் தடுக்கக் கூடாது. அலை அதிகம், படகில் ஆள் இறக்க முடியாது என்று கேப்டன் சொன்னால் அதோடு முடிந்தது. புதுச்சேரி மாதிரி பெரிய கப்பல் கரையணைய முடியாத ஊர்களில் நடுக்கடலில் நிறுத்திச் சின்னப் படகில்தான் ஆளை இறக்க வேண்டும். கொஞ்சம் காற்று கூடினாலும் ஆபத்து. எனக்கு இதில் மறுபேச்சே இல்லை. 2012 ஜனவரி 13-ம் தேதி இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல், போட்ட பாதையை விட்டு விலகி ஜிலியோ தீவுக்கு ரொம்பப் பக்கத்தில் போய்ப் பாறையில் மோதி 32 பேர் செத்தார்கள். தீவுக்கு 'வணக்கம்' வைக்கப் போன கப்பல் அது! கரையைக் காட்ட ஆசைப்படுகிற கேப்டனைவிட, கரையைக் காட்டாமல் திரும்புகிற கேப்டன் எவ்வளவோ மேல்.

இப்போது வியாபாரப் பயணம். உல்லாசக் கப்பலுக்கும் வியாபாரப் பயணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். பெரிய சம்பந்தம். கம்பெனிகள் நடத்துகிற கூட்டம், ஊக்கப் பரிசுச் சுற்றுலா, மாநாடு, கண்காட்சி, இவற்றைச் சேர்த்துச் சுற்றுலாத் துறையில் 'மைஸ்' என்று சொல்வார்கள். (எலி இல்லைங்க, ஆங்கில முதலெழுத்துகள்.) சிமெண்ட், பெயிண்ட், பைப், பம்புசெட், உரம், டயர் என்று எந்தக் கடையை எடுத்தாலும் டார்கெட் முடித்த டீலரைக் கம்பெனி எங்காவது கூட்டிக்கொண்டு போகும். ஒரு காலத்தில் கொடைக்கானல், ஊட்டி, கோவா. பிறகு பாங்காக். அப்புறம் சிங்கப்பூரில் ஏறுகிற கப்பல். திண்டுக்கல் மெயின் ரோட்டில் ஒரு நடை நடந்து ஹார்டுவேர் கடைகளை எட்டிப் பாருங்கள். கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு குரூப் போட்டோ தொங்கும். எல்லோருக்கும் ஒரே கலர் டீ சர்ட், ஒரே தொப்பி, பின்னால் கடல்.

கப்பல் கம்பெனிக்கு இந்தக் கூட்டம் தேன். ஒரே பில்லில் 200 அறை போகும். பண்டிகை, லீவு என்று பார்க்காமல் சீசன் இல்லாத நாளிலும் வருவார்கள். தனி ஆள் மாதிரி ஒவ்வொரு ரூபாய்க்கும் பேரம் பேச மாட்டார்கள். டீலரைக் கூட்டிப்போகிற கம்பெனிக்கும் கப்பல் பிடிக்கும், காரணம் வேறு. ஓட்டலில் மீட்டிங் வைத்தால் டீலர் பாதியில் நழுவி ஷாப்பிங் போய்விடுவார். நடுக்கடலில் எங்கே போவார்?

என் மாமா இப்படி ஒரு டூர் போனார். திண்டுக்கல்லில் பெயிண்ட்டும் ஹார்டுவேரும் விற்கிற கடை. 2024-ல் ஒரு கம்பெனி அவரைக் கூட்டிப்போனது. எந்தக் கம்பெனி, எந்தக் கப்பல் என்பதை விட்டுவிடுகிறேன், மாமாவுக்கு அடுத்த வருஷமும் சரக்கு வர வேண்டுமே. திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர், அங்கிருந்து நான்கு இரவு கப்பல். நடுவில் பினாங்கு, புக்கெட்.

மாமாவுக்குக் கப்பலில் ஆசை இல்லை. அவர் குறி பினாங்கு. மாமாவின் தம்பிக்கு ஊரில் பூட்டுப் பட்டறை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பேப்பரில் எல்லாம் வந்தது, ஆனால் பட்டறையில் ஆர்டர் கூடவில்லை. அலிகாரில் இருந்து மெஷினில் செய்து வருகிற பூட்டின் விலைக்குக் கையால் செய்கிற பூட்டு நிற்க முடியாது. வேலை தெரிந்த ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள், பிள்ளைகள் யாரும் பட்டறைக்கு வருவதில்லை. இந்த நிலைமையில் பினாங்கில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ்க்காரர் பழக்கமாகி, "நேர்ல கொண்டாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மாமாவிடம் போனில் சொல்லியிருந்தார். பழைய வீடுகளைப் புதுப்பித்து ஓட்டல் நடத்துகிறவர்கள் அங்கே நிறைய. அவர்களுக்குப் பழைய பாணிப் பூட்டு பிடிக்கும் என்பது அவர் கணக்கு. மாமா பெட்டியில் துணிக்கு நடுவில் மாங்காய்ப் பூட்டு இரண்டு, சாவித் துளையே கண்ணுக்குத் தெரியாத தந்திரப் பூட்டு ஒன்று. சிங்கப்பூரில் கப்பல் ஏறும்போது பெட்டியை ஸ்கேன் செய்தவர்கள் அதை எடுத்துவைத்து 'இது என்ன, திற' என்றார்களாம். மாமா திறந்து காட்ட, அவர்கள் இன்னொரு தடவை திறக்கச் சொன்னார்களாம், வேடிக்கை பார்க்க.

இரண்டாம் நாள் காலையில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு. இயக்கக் காரணங்களால் பினாங்கு நிறுத்தம் இல்லை, கப்பல் நேராக அடுத்த ஊருக்குப் போகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம். அவ்வளவுதான். என்ன இயக்கம், என்ன காரணம் என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. துறைமுகக் கட்டணத்தை அறைக் கணக்கில் வரவு வைத்தார்கள். கப்பலுக்குள் மட்டும் செலவழிக்கலாம். மாமா அதில் இரண்டு காபி குடித்து ஒரு சாவிக்கொத்து வாங்கி வந்தார். பூட்டு விற்கப் போனவர் சாவிக்கொத்து வாங்கி வந்த கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. பினாங்கில் வைத்திருந்த பரிசளிப்பு விழாவைக் கம்பெனி கப்பல் தியேட்டரிலேயே நடத்திவிட்டது. ஒரு டீலர்கூட நழுவாத கூட்டம் என்று விற்பனை மேலாளருக்கு ஏக சந்தோஷம்.

"பஸ்ஸு ஊருக்குள்ள வராம பைபாஸ்லயே போனாலும் கண்டக்டர்கிட்ட சண்ட போட்டு எறங்கி, ஆட்டோ புடிச்சு வந்துரலாம் மாப்ள. இதுல எங்கிட்டு எறங்குறது?" என்றார் மாமா. ராத்திரி பதினொரு மணிக்கு மதுரையில் இருந்து வருகிற எந்தத் திண்டுக்கல்காரருக்கும் இந்த உவமை புரியும். "பஸ் ஸ்டாண்ட் போகாது, பைபாஸ்தான், இஷ்டம்னா ஏறு" என்று ஏறும்போதே சொல்லிவிடுகிற கண்டக்டரை நான் மதிக்கிறேன். டிக்கெட் கிழித்த பிறகு சொல்கிறவரோடுதான் தகராறு.

மாமா ஊருக்கு வந்த வாரம் எங்களுக்கு ஒப்பந்தச் சட்டத்தில் 56-வது பிரிவு நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் போட்ட பிறகு அதைச் செய்யவே முடியாமல் போனால் ஒப்பந்தம் செல்லாது என்கிற பிரிவு. அதில் இரண்டு இங்கிலாந்து வழக்குகள் சேர்ந்தே வரும். 1902 ஜூன் 26-ம் தேதி ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா என்று லண்டனே தயாராக இருக்க, மன்னருக்குக் குடல்வால் கோளாறு வந்து விழா தள்ளிப்போனது. ஊர்வலம் பார்ப்பதற்காக மாடி அறையை வாடகைக்குப் பேசியவர் பணம் தர வேண்டியதில்லை என்று ஒரு தீர்ப்பு. அது க்ரெல் எதிர் ஹென்றி, எல்லோருக்கும் தெரியும், பரீட்சையில் வரும். பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது, ஹெர்ன் பே நீராவிப் படகுக் கம்பெனி எதிர் ஹட்டன். அதே ஜூன் மாசம் மன்னர் கடற்படையைப் பார்வையிடுவதாக இருந்தது. அதைக் காட்டவும், கடற்படையைச் சுற்றி ஒரு நாள் உலா போகவும் 'சிந்தியா' என்ற கப்பலை ஹட்டன் 250 பவுனுக்குப் பேசி 50 பவுன் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். மன்னர் வரவில்லை, அணிவகுப்பு ரத்து. ஹட்டன் கப்பலை எடுக்கவில்லை, மீதியும் தரவில்லை. நீதிமன்றம் என்ன சொன்னது? கடற்படை அங்கேதான் நிற்கிறது, சுற்றிப் பார்க்கலாமே, ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது, மீதியைக் கொடு (அந்த நாட்களில் கம்பெனி அந்தக் கப்பலை ஓட்டிச் சம்பாதித்ததைக் கழித்துக்கொண்டு).

இந்த வழக்கைப் படித்ததும் எனக்கு உல்லாசக் கப்பல் கம்பெனியின் வாதம் முழுசாகப் புரிந்துவிட்டது. நூற்றியிருபது வருஷம் ஆகியும் அவர்கள் சொல்வது அதேதான். "நீ வாங்கியது கப்பல் பயணம். கப்பல் ஓடியது, சாப்பாடு போட்டோம், படுக்கை கொடுத்தோம், கடல் அங்கேதான் இருந்தது. ஒரு ஊர் போனால் என்ன?" மன்னர் வராத அணிவகுப்பு மாதிரி பினாங்கு இல்லாத பயணம். க்ரெல் வழக்கில் ஊர்வலம்தான் ஒப்பந்தத்தின் அஸ்திவாரம் என்றார்கள், ஹட்டன் வழக்கில் மன்னர் அஸ்திவாரம் இல்லை என்றார்கள். அப்படியானால் கேள்வி ஒன்றுதான். ஒரு பயணியின் அஸ்திவாரம் எது என்று யார் முடிவு செய்வது? விளம்பரத்தில் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்திலும் 'மாறுதலுக்குட்பட்டது' என்பதைக் கடுகு எழுத்திலும் போடுகிறவரே முடிவு செய்யலாமா?

கடுகு எழுத்து பற்றியும் பார்த்துவிடுவோம். 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கார்னிவல் குரூயிஸ் எதிர் ஷூட் என்று ஒரு வழக்கு. மெக்சிகோ பக்கம் கப்பல் தளத்தில் வழுக்கி விழுந்த ஒரு பெண், தான் வசிக்கிற வாஷிங்டன் மாநிலத்தில் வழக்குப் போட்டார். டிக்கெட்டில் புளோரிடாவில்தான் வழக்குப் போட முடியும் என்று அச்சடித்திருந்தது. நாட்டின் ஒரு மூலையில் இருந்து மறு மூலை! டிக்கெட்டில் இருந்தால் இருந்ததுதான் என்று கம்பெனி பக்கம் தீர்ப்பானது. அங்கே அப்படி.

இங்கே நம்ம சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே, 1960-களில், வேறு மாதிரி யோசித்திருக்கிறது. லில்லி ஒயிட் எதிர் முனுசாமி வழக்கு. சலவைக் கடையில் போட்ட புதுப் புடவை தொலைந்துவிட்டது. ரசீதின் பின்னால் 'தொலைந்தால் பாதி விலைதான்' என்று அச்சடித்திருந்தது. இதை அனுமதித்தால் நல்ல புடவையைப் பாதி விலையில் அமுக்கிக்கொள்ளச் சலவைக்காரருக்கு வழி சொன்ன மாதிரி ஆகிவிடும், இந்த நிபந்தனை பொதுநலனுக்கு விரோதம், செல்லாது என்று முடித்துவிட்டார்கள். எனக்கு மெர்க்கன்டைல் லா புத்தகத்திலேயே பிடித்த வழக்கு இதுதான். சலவை ரசீதுக்கும் கப்பல் டிக்கெட்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் எழுதியவர் ஒருத்தர், படிக்காமல் வாங்குகிறவர் இன்னொருத்தர்.

2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று 2(46)-வது பிரிவில் தனியாகவே விளக்கம் வைத்திருக்கிறது. நுகர்வோரைப் பாதகமான நிலைக்குத் தள்ளும் நியாயமில்லாத நிபந்தனையும் அதில் சேரும். அப்படிப்பட்ட நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கிற அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் உண்டு, மாவட்ட ஆணையத்துக்குக் கிடையாது. "எந்தக் காரணத்துக்காகவும், எந்த ஊரையும், எப்போது வேண்டுமானாலும் நீக்குவோம், நஷ்ட ஈடு கிடையாது" என்ற வரி, என் பார்வையில் இந்தப் பிரிவில் மாட்டும். புயல், நோய், போர், அரசாங்கத் தடை என்று காரணத்தைச் சொல்லி நீக்கினால் மாட்டாது, மாட்டவும் கூடாது.

ஆனால் மாமா இதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஏன் என்றால் காசு கொடுத்தது அவர் இல்லை. டீலர்களைக் கூட்டிப்போன கம்பெனி. அந்தக் கம்பெனி வாங்கியது வியாபார நோக்கத்துக்காக. வியாபார நோக்கத்துக்குச் சேவை வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது அதே சட்டத்தின் 2(7). அடுத்தவர் காசில் அனுபவிக்கிறவரும் நுகர்வோர்தான் என்று அதில் வழி இருந்தாலும், வியாபார நோக்கம் என்ற கேட்டில் வண்டி நின்றுவிடும். கப்பல் கம்பெனிக்கு மாமா வாடிக்கையாளரே இல்லை. விற்பனை மேலாளர்தான் வாடிக்கையாளர். அவருக்கோ பினாங்கு போனதில் கூட்டம் நிறைந்தது. அடுத்த வருஷமும் அதே கப்பலில்தான் புக் செய்வார். மேலதிகாரி நாற்காலியில் இருந்து பார்த்தால் புகாரே வராத ஊர் நீக்கம் இது!

தொலைந்துபோன ஆர்டருக்கு நஷ்ட ஈடு கேட்கலாமா? 1854-ல் ஹாட்லி எதிர் பாக்ஸென்டேல் வழக்கிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். மாவு மில்லின் உடைந்த இரும்புத் தண்டை எடுத்துப்போன வண்டிக்காரர் தாமதம் செய்ததால் மில் நின்றுவிட்டது. மில் நிற்கும் என்று வண்டிக்காரருக்குத் தெரியாது, அதனால் லாப நஷ்டம் அவர் தலையில் விழாது. நம்ம 73-வது பிரிவும் தூரத்து நஷ்டத்துக்கு ஈடு இல்லை என்கிறது. மாமா பெட்டியில் பூட்டு இருப்பது ஸ்கேனர்காரருக்குத் தெரியும், கேப்டனுக்குத் தெரியாதே.

நான் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வேன்? அனுமதி கையில் வராத ஊரின் பெயரை விளம்பரத்தில் போட மாட்டேன், போட்டால் 'அனுமதி எதிர்பார்க்கிறோம்' என்று ஊர்ப் பெயர் அளவு எழுத்திலேயே போடுவேன். ஊரை நீக்கினால் காரணத்தை ஒரே வரியில் சொல்வேன். 'இயக்கக் காரணம்' என்பது காரணம் இல்லை. துறைமுகக் கட்டணத்தைப் பணமாகவே திருப்பித் தருவேன். இதெல்லாம் பெரிய புரட்சி இல்லை. விமானத்தில் முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் டிக்கெட் பணத்துக்கு மேலே, பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை உச்சவரம்பு போட்டு ஈடு தரச் சொல்லி டி.ஜி.சி.ஏ. விதி இருக்கிறது. கம்பெனி கையை மீறிய காரணம் என்றால் விலக்கும் இருக்கிறது. ஐரோப்பாவில் 2015-ல் வந்த தொகுப்புச் சுற்றுலா விதிப்படி, கிளம்புவதற்கு முன்பே முக்கியமான அம்சத்தை மாற்றினால் பயணி காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகலாம்.

நம்ம பக்கம் கப்பல் பயணம் இனிமேல் கூடத்தான் போகிறது. 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் 17.21 கோடி ரூபாயில் கட்டிய பயணிகள் முனையத்தைத் திறந்து, அங்கிருந்து கார்டிலியா கப்பலை அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் அக்டோபர் 14-ம் தேதி நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகு ஆரம்பித்து, சில நாளிலேயே வடகிழக்குப் பருவமழை காரணமாக நின்று, 2024 ஆகஸ்டில்தான் திரும்ப ஓடியது. அந்தப் படகில் துணி மூட்டையோடு யாழ்ப்பாணம் போகிற வியாபாரிக்கு ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பது, டீ சர்ட் போட்டு போட்டோ எடுக்கிற கூட்டத்தின் பிரச்சினையைவிடப் பெரிசு. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மாமா கடைசியில் அந்த மூன்று பூட்டையும் கொரியரில் பினாங்குக்கு அனுப்பினார். பூட்டு விலையைவிடக் கொரியர் செலவு அதிகம். போய்ச் சேர்ந்ததும் அந்தக் கடைக்காரர் தந்திரப் பூட்டைத் திறக்க முடியாமல் வீடியோ காலில் வந்தார். மாமாவின் தம்பி பட்டறையில் உட்கார்ந்தபடி "அந்த ஆணிய இடது பக்கம் தள்ளுங்கண்ணே... இல்லண்ணே, உங்களுக்கு இடது" என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். மாங்காய்ப் பூட்டில் இருபது கேட்டிருக்கிறார். இருபதுக்கு எப்படி விலை போடுவது என்று என்னிடம் காகிதத்தை நீட்டினார்கள். கொரியரில் அனுப்பினால் கட்டாது, கப்பல் சரக்கில் அனுப்ப இருபது போதாது. இப்போதைக்கு நூறு சேரட்டும் என்று பட்டறையில் பேச்சு.